பொம்மை இல்லீங்க, மேடம்!

போன மாதம் கோவிந்தாபுரத்திலிருந்து சிவகாமி போன் செய்தார். "ஏனுங்க சார், மூணு சக்கர சைக்கிளு பொம்மைங்களா?"

நான் சுங்க வழக்குகள் பார்க்கும் வக்கீல். இந்தக் கேள்விக்குச் சிரிக்க முடியாது. இறக்குமதியில் முதல் சண்டையே பெயரில்தான். வரிப் பட்டியலில் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது? இது ஒன்றுக்கே வருஷக்கணக்கில் வழக்கு நடக்கும்!

சிவகாமியின் மகள் யாழினிக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே கால்களில் வலு இல்லை. ஜெர்மனியில் இருக்கும் தாய்மாமன் அவளுக்கென்றே ஒரு சைக்கிள் அனுப்பியிருந்தார் – முதுகைத் தாங்கும் சீட், பாதத்தைக் கட்டிவைக்கும் பெடல். ஏர்போர்ட்டில் அதைப் பொம்மை என்று வகைப்படுத்திவிட்டார்கள். பொம்மைக்குத் தரச் சான்று வேண்டும். சான்று இல்லையா? திருப்பி அனுப்பு.

சிவகாமியும் நானும் ஏர்போர்ட் சுங்க அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த மலையாளப் பெண் அதிகாரி பட்டியலைக் காட்டினார். "குழந்தைகளோட மூணு சக்கர சைக்கிள் பொம்மையிலதான் வருது, சேச்சி. எனக்கு மனசிலாகுது... பட்சே நான் என்ன செய்ய?"

"எம்புள்ள வெளையாடறதுக்கில்லீங்க மேடம். பள்ளிக்கூடம் போறதுக்குங்க. இத்தன நாளா நாந்தான் தூக்கீட்டுப் போறேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். "இதுபோல முன்னாடி ஏதாவது தீர்ப்பு உண்டெங்கில் கொண்டுவாங்க சார்."

இரக்கத்துக்குப் பட்டியலில் தலைப்பு கிடையாது. ஆனால், மேலே இருக்கும் தீர்ப்பாயம் ஒரு தீர்ப்பு சொல்லி, அது மாற்றப்படாமல் இருந்தால், கீழே இருக்கும் அதிகாரி அதன்படி நடந்தே ஆக வேண்டும்.

மூன்று நாள் தேடினேன். கிடைத்தது! வேறொரு ஊர், வேறொரு அப்பா, இதே மாதிரி சைக்கிள். 'பொம்மை அல்ல, மாற்றுத்திறனாளிக்கான வண்டி' என்று தீர்ப்பு. கடைசியில் ஒரு வரி இருந்தது. வழக்கு முடிவதற்குள் குழந்தை வளர்ந்துவிட்டாள், சைக்கிள் இனி அவளுக்குப் பொருந்தாது... ஆனாலும் தீர்ப்பு வேண்டும் என்று அப்பா வாதாடியிருக்கிறார்.

அதிகாரி அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை யாழினி பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போனாள். சிவகாமி பின்னாலேயே நடந்தார் – வெறும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

திரும்பி வரும்போது, கூட வந்திருந்த என்னிடம் கேட்டார், "தீர்ப்புல இருந்த அந்தப் பாப்பாவுக்கு வேற சைக்கிளு கெடச்சிருக்குமுங்களா சார்?"

எனக்குத் தெரியவில்லை. ஐயா, அந்தத் தீர்ப்பை வாங்கிய அப்பாவே, ஒருவேளை நீங்கள் இதைப் படித்தால்... உங்கள் வழக்கு கோவிந்தாபுரத்தில் பள்ளிக்கூடம் போகிறது!