சட்டம் போட்டு மாட்டிய விமர்சனம்

மூன்றாம் படிவத்தோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதன்பிறகு காஜாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எச்சில் மங்கு கழுவினேன், பந்திங்கில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கினேன், எங்கேயும் நிலையாக இருந்ததில்லை. படித்த ஆங்கிலத்தில் பெரும்பாதி வழியிலேயே கொட்டிப்போயிற்று. ஆனால் ‘ஸ்கேதிங்’ என்ற சொல்லை மட்டும் எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பிரிக்பீல்ட்ஸில் மாமா வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. சமையல் முழுவதும் அத்தை. அம்மா கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போனதால், பள்ளி விடுமுறை வந்தால் என்னைக் கடையில் கொண்டுவந்து விட்டுவிடுவார்.

அந்த வரிசையில் எல்லாக் கடைச் சுவரிலும் கடையைப் பற்றிய பத்திரிகைத் துண்டு ஒன்று கண்ணாடிக்குள் தொங்கும். மாமா கடையில் மட்டும் காலண்டர் தொங்கியது. அது அவருக்குப் பெரிய குறை. ஆகவே ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் கேமராவோடு வந்து உட்கார்ந்த அன்று, கேட்காமலேயே பொரித்த மீனும் நண்டும் இலைக்குப் போயின. கொஞ்ச நாளில் பத்திரிகை வந்தது. கால் பக்கத்துக்கு மாமாவின் படம், கையில் மீன்தலைக் கறியோடு. இவ்வளவு பெரிய படம் போட்டுவிட்டுத் திட்டியா எழுதுவார்கள்? யாரும் படித்துப் பார்க்கவில்லை. மாமா சாமிப்படக் கடைக்குக் கொண்டுபோய் சட்டம் போட்டு, முருகன் படத்துக்குக் கீழே மாட்டினார். முருகனுக்கு வாங்கிய மல்லிகைச் சரத்தில் கொஞ்சம் கிள்ளி இதற்கும் வைத்தார்.

ஒரு மதியம், மாமா காய்கறி வாங்க செலாயாங் போயிருந்தார். வழக்கமாக வரும் வக்கீல் ஆபீஸ் அக்கா கை கழுவிவிட்டு வந்தவர், படத்துக்கு எதிரே நின்று படித்தார். முகம் மாறியது.

“இவ்ளோ ஸ்கேதிங்கா எழுதியிருக்கா. இதைப் போயி மாட்டி வச்சிருக்காரே பாஸு” என்றார்.

“அப்படின்னா என்னாக்கா?” என்றேன்.

“ரொம்ப மோசமா குறை சொல்றது லா.”

“எங்கம்மா திட்டுவாங்களே, அந்த மாதிரியா?”

“அது வேற குட்டி. அம்மா நீ திருந்தணும்னு கத்துவாங்க. அதுக்கு ஸ்கேதிங்னு சொல்லமாட்டாங்க. இது கத்தாது. கெட்ட வார்த்தைகூட இருக்காது. ஆனா தோல் உரிஞ்சிடும். ரிவியூ, ரிப்போர்ட், ஸ்பீச், இந்த மாதிரிக்குத்தான் சொல்லுவாங்க.”

பாயசத்தோடு வந்த அத்தை பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “என்னாம்மா எழுதியிருக்கா? சும்மா சொல்லு” என்றார்.

அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். பொரியலில் எண்ணெய் மிதக்கிறதாம். மீன் நேற்றையதாம். ரசம் பாத்திரம் அலசிய தண்ணீராம். அத்தை சிரித்தார். “எண்ணெய் ஜாஸ்தின்னு அவரே சொல்லுவாரு. மீனு அன்னைக்குக் காலையில வந்தது லா. அவளுக்கு என்னா தெரியும்?”

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதில் தோல் எங்கே உரிகிறது? “இதுல எது அக்கா அந்த ஸ்கேதிங்?” என்று விடாமல் கேட்டேன்.

அக்கா கடைசி வரியில் விரலை வைத்து மெதுவாகத் தமிழில் சொன்னார். சமைத்தவர், தான் சமைத்ததை ஒருநாளும் தன் வாயில் வைத்துப் பார்த்ததில்லை போலும்.

அவ்வளவுதான். எண்ணெய், அலசிய தண்ணீர் என்றதற்கெல்லாம் சிரித்த அத்தை, இதற்குச் சிரிக்கவில்லை. பாயசக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

அவர் வாயில் வைப்பதில்லை என்பது உண்மைதான். முதல் இலை முருகனுக்கு. படைப்பதற்கு முன்னால் ருசி பார்த்தால் எச்சில். படைத்த பிறகும் அத்தைக்குச் சாப்பாடு கிடையாது. கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியும் பிள்ளை இல்லை. பத்துமலை முருகன் கோயிலில் தொட்டில் கட்டி வேண்டிக்கொண்டு வந்ததிலிருந்து பகலில் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். உப்பு, புளி எல்லாம் கைக்கணக்கு.

“கழட்டிடலாமா ஆன்டி?” என்றார் அக்கா. “பாஸுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரு.”

“வேணாம்மா. அவருகிட்ட ஒண்ணும் சொல்லாத. படத்துல நல்லாத்தான் இருக்காரு.”

மறுநாள் கிருத்திகை. ரசம் இறங்கியதும் அத்தை ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு, உறிஞ்சிப் பார்த்தார். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமாவின் கை நின்றது.

“இன்னைக்கு கிருத்திகை லா” என்றார்.

“தெரியும்” என்றார் அத்தை. கொஞ்சம் உப்புப் போட்டுக் கலக்கினார். மறுபடி ஒரு வாய் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ரசம் சுட்டிருக்கும்.

பாவம், அத்தைக்குப் பசி தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, நேற்று மிஞ்சிய வடை ஒன்றை எடுத்து நீட்டினேன்.