மூன்று விரல்

குமாரசாமி கோபிச்செட்டிபாளையத்தில் தனியார் பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்தவர். படிப்பு ஐந்தாவதோடு நின்றுபோனது. ஆனால் பஸ்ஸின் பின்படியில் நின்று ஒரு பார்வை பார்த்தால் உள்ளே எத்தனை தலை என்று சொல்லிவிடுவார். மடியில் உட்கார்ந்திருக்கிற குழந்தை டிக்கெட் வாங்கும் வயதா இல்லையா என்று காலைப் பார்த்தே கண்டுபிடிப்பார். "பாப்பாவுக்கு ரெண்டு வயசுதானுங்க" என்று தாய்மார் சொன்னால், "காலு அஞ்சு வயசுன்னு சொல்லுதேம்மா" என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

2001ஆம் வருஷம் பிப்ரவரியில் அவர் நியூஜெர்சிக்கு வந்து இறங்கினார். மனைவி தவறி நான்கு வருஷம் ஆகியிருந்தது. மகன் செல்வராஜ் மான்மவுத் ஜங்ஷனில் ஒரு அபார்ட்மென்டில் இருந்தான். மருமகள் வள்ளிக்கு மூன்றாவது மாதம். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு நின்றிருக்கிற கரு. பிரசவம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று விசிட்டர் விசாவில் வந்த மனிதர், வந்த ஒன்பதாம் நாள் மகன் பகல் பதினொரு மணிக்கே ஒரு அட்டைப்பெட்டியோடு வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்தார். பெட்டியில் ஒரு காபி கப், ஒரு காலண்டர், ஒரு பிள்ளையார்.

"என்ன கண்ணு, நேரமே வந்துட்ட?"

"லேஆஃப் பண்ணிட்டாங்கப்பா. எங்க டீம்ல இருபது பேரு."

வேலை போன அந்த மாதக் கடைசியோடு கம்பெனி கொடுத்த ஹெல்த் இன்சூரன்ஸும் போயிற்று. சொந்தக் காசு கட்டி அதை நீட்டிக்கொள்ளலாம்தான். மாதம் எழுநூறு டாலர் கேட்டார்கள். வீட்டு வாடகையே அதற்குக் கொஞ்சம்தான் கூட. வேலை போனவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற அன்எம்ப்ளாய்மென்ட் பணம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை செல்வராஜ் ஃபோனை எடுத்து, வேலை தேடுகிறேன், இன்னும் கிடைக்கவில்லை என்று பட்டனை அழுத்திச் சொல்லவேண்டும். செக் தபாலில் வரும்.

வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கமே கொடுக்கிற இன்சூரன்ஸ் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் கிரீன் கார்டு கிடைத்து ஆறு வருஷம் ஆகியிருந்ததால் கேட்கலாம். செல்வராஜ் ஃபாரத்தை வாங்கிவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்து எழுதினான். அப்பாவுக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லிக்கொண்டே எழுதினான்.

"கர்ப்பமா இருக்காங்களா, எத்தனை குழந்தை எதிர்பாக்கறீங்கன்னு ஒரு பக்கம் இருக்குதுங்கப்பா."

"அதை எழுதாதே" என்றார் குமாரசாமி.

"ஏனுங்கப்பா?"

"பொறக்காத புள்ளையக் காயிதத்துல ஏத்தக்கூடாது சாமி. ஏழாம் மாசம் சீர் முடியட்டும். அப்பறம் யாருகிட்ட வேணும்னாலும் சொல்லிக்கலாம்."

செல்வராஜ் வள்ளியைப் பார்த்தான். வள்ளி சுவரைப் பார்த்தாள். சம்பளம் இல்லை என்றால் கொடுத்துவிடுவார்கள், இந்தப் பக்கம் எதற்கு என்று அவனும் நினைத்துக்கொண்டான். அந்தப் பக்கத்தை வெறுமனே விட்டான். குடும்பத்தில் எத்தனை பேர் என்ற இடத்தில் இரண்டு என்று போட்டான்.

ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கிடையாது என்று. அன்எம்ப்ளாய்மென்ட் பணமும் வருமானம்தான். இரண்டு பேர் இருக்கிற குடும்பத்துக்கு அது வரம்புக்கு மேலே போகிறது என்று எழுதியிருந்தார்கள்.

"சம்பளம் இல்லாதவனுக்குக் குடுக்கற காசு எப்படிச் சம்பளம் ஆகும்?" என்று குமாரசாமி கேட்டார்.

அதற்குள் வள்ளி இரண்டு தடவை டாக்டரிடம் போகவேண்டியதைத் தள்ளிப்போட்டிருந்தாள். ஐந்தாவது மாதம் பிறந்துவிட்டது. போன தடவை பார்த்தபோது சர்க்கரை கொஞ்சம் கூட இருக்கிறது, மறுபடி வா என்று சொல்லியிருந்தார்கள். கையில் இன்சூரன்ஸ் அட்டை இல்லாமல் போனால் ஒரு ஸ்கேனுக்கே எவ்வளவு கேட்பார்களோ. வள்ளி தானாகவே சோற்றைக் குறைத்துக்கொண்டாள். குமாரசாமி அவள் தட்டைப் பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வராஜ் சொன்னான்: "நாளான்னிக்கு ஃபோன்ல நான் பட்டனை அழுத்தப் போறதில்ல. அன்எம்ப்ளாய்மென்ட்டே வேண்டாம். வருமானமே இல்லைன்னு மறுபடி அப்ளை பண்ணா இன்சூரன்ஸ் குடுத்துடுவாங்க."

"வாடகை யாருங்க குடுப்பா? உங்க பிள்ளையாரா?" என்றாள் வள்ளி.

"வேற வழி சொல்லு."

மாடி வீட்டு சாரதா அன்று சாம்பார் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். ஒரு டாக்டர் ஆபீஸில் முன் டெஸ்க்கில் உட்கார்ந்து இன்சூரன்ஸ் அட்டைகளைப் பார்த்துப் பார்த்தே ஆறு வருஷம் ஓட்டியவள். செல்வராஜ் நினைப்பதைக் கேட்டதும் கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்படில்லாம் பண்ணிடாதீங்க. உங்களுக்கு வரவேண்டிய பணத்தை நீங்களே விட்டா அவங்க ஒத்துக்க மாட்டாங்க. அதுவும் போகும், இதுவும் போகும். எங்க, அந்த லெட்டரைக் காட்டுங்க." படித்தாள். ஃபாரத்தின் காப்பியையும் வாங்கிப் புரட்டினாள். "இது என்ன? வள்ளி பிரெக்னன்ட்னே எழுதலியே! பிரெக்னன்ட் லேடின்னா வரம்பே வேற, ரொம்ப மேல. அதுக்கும் மேல, வயித்துல இருக்கற குழந்தையும் ஃபேமிலியில ஒரு ஆளு. நீங்க ரெண்டு பேர் இல்ல, மூணு பேர். யார் இப்படி ஃபில் பண்ணது?"

செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "நான்தாங்க. கவனிக்கல."

குமாரசாமி சோபாவிலிருந்து எழுந்தார். "அவன் இல்லம்மா. நான்தான் எழுதாதேன்னேன்."

சாரதா போன பிறகு அவர் சொன்னார். செல்வராஜுக்கு முன்னால் ஒரு பிள்ளை. இந்த மாதிரிதான், ஐந்தாவது மாதம். சந்தோஷம் தாங்காமல் கோபி கடைவீதியில் வெள்ளி அரைஞாண் கொடி வாங்கிக்கொண்டு போனார். பஸ்ஸில் டிரைவரிடம், டீக்கடையில், எல்லோரிடமும் காட்டினார். மாதம் நிறைந்து பிள்ளை பிறந்தது, அழவில்லை. கொடியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் பாதி விலைதான் கொடுத்தார்.

செல்வராஜுக்கு முப்பத்திமூன்று வயது. இப்படி ஒரு அண்ணனோ அக்காவோ இருந்தது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"உங்கம்மா சொல்லவேண்டாம்னா" என்றார்.

வள்ளி சொன்னாள்: "மாமா, நீங்க பயந்தது சரிங்க. எனக்கும் பயந்தானுங்க. ஆனா இந்தப் பாப்பாவ ரெண்டு மாசமா பஸ்ஸுல ஏத்தாமயே ஓட்டிட்டு வந்திருக்கறோம். இனிமேலாவது நிறுத்தி ஏத்திக்கலாமுங்க."

குமாரசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கே போலாம் கண்ணு."

செவ்வாய்க்கிழமை செல்வராஜ் ஃபோனில் பட்டனை அழுத்தினான். அதற்கு முதல் நாளே மூன்று பேரும் அரசாங்க இன்சூரன்ஸுக்கு மனு வாங்குகிற கவுன்ட்டி ஆபீஸில் போய் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் முன்பு கொடுத்திருந்த கடிதம், வாடகைச் சீட்டு, அன்எம்ப்ளாய்மென்ட் பேப்பர் எல்லாம் ஒரு மஞ்சள் பையில். முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் பேப்பரைப் பார்த்தபடியே ஏதோ கேட்டாள். செல்வராஜ் வாயைத் திறப்பதற்குள் குமாரசாமிக்குப் புரிந்துவிட்டது. எண்ணிக்கை கேட்கிற தொனி எந்த பாஷையிலும் ஒன்றுதான். அவர் மூன்று விரலை உயர்த்திக் காட்டினார்.

அந்த அம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். வள்ளியின் வயிற்றைப் பார்த்தாள். சிரித்தபடி அவர் பக்கம் கையைக் காட்டி இன்னொன்று கேட்டாள்.

"நீங்களும் சேர்த்தியான்னு கேக்கறாங்கப்பா. விசிட்டரைச் சேர்க்க மாட்டாங்களாம்."

"கண்ணே தொறக்காததுக்கு டிக்கெட் உண்டு, அறுபத்திமூணு வயசு ஆளுக்குக் கெடையாது. நல்ல பஸ்ஸுடா இது" என்றார். வெளியே வரும்வரை அந்த விரல்களை அவர் மடக்கவில்லை என்று வள்ளி பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

மூன்றாவது வாரம் அட்டை வந்தது. அதே வாரம் டாக்டர் பார்த்தார். சர்க்கரைக்கு ஊசி போடவேண்டியிருந்தது. நேரத்தோடு வந்தீர்கள் என்றார். வேலை ஜூலையில்தான் கிடைத்தது, பழைய சம்பளத்தில் முக்கால்வாசிக்கு. அதுவரை அன்எம்ப்ளாய்மென்ட் வந்தது, அட்டை பிரசவம் முடியும்வரை இருந்தது.

ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பெண்குழந்தை பிறந்தது. ஆறு பவுண்டு சொச்சம். பிறந்ததும் அழுத அழுகை வராந்தாவரை கேட்டது. கயல் என்று பெயர் வைத்தார்கள். குமாரசாமி ஒரு தடவை முகத்தைப் பார்த்தார், ஒரு தடவை காலைப் பார்த்தார், மகனைக் கிளப்பிக்கொண்டு நேராக நம்மூர்க் கடைகள் இருக்கிற எடிசன் ஓக் ட்ரீ ரோடுக்குப் போனார். நகைக்கடையில் வெள்ளி அரைஞாண் கொடி கேட்டார்.

"குழந்தைக்கு எத்தனை மாசம் அங்கிள்?" என்றாள் கடைப்பெண்.

குமாரசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி நேரம்" என்றார்.