அறுபது கிராம் போதும் என்றவன்

என் புருஷன் துய்லியோ எதையும் லேசில் நல்லா இருக்கு என்று சொல்லும் ஆள் இல்லை. திரியெஸ்தே துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு காப்பி வறுக்கும் ஆலையில் இருபத்தாறு வருடமாகச் சுவை பார்க்கிறவன். கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, துப்பி, வந்த மூட்டை தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும், அதுதான் வேலை. அந்த நாக்கை ஆலையிலேயே விட்டுவிட்டு வரவும் மாட்டான். பூண்டு கொஞ்சம் கூடுதலாக வதங்கினால் போதும், "நிவெஸ், இது பூண்டா கரியா?" என்பான்.

நான் மருந்துக்கடை வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்து, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பில் தண்ணீர் வைப்பேன். அவன் பேருந்தை விட்டு இறங்கியதும் போன் செய்து "போடு" என்பான். அங்கிருந்து வீட்டுக்குப் பத்து நிமிடம், ஸ்பகெட்டி வேகவும் பத்து நிமிடம். அதற்குள் தக்காளியோ டப்பா மீனோ தயாராகிவிடும்.

இந்த வசந்தத்தில் "போடு" என்பதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "எனக்கு அறுபது கிராம் போதும்." நூற்றிருபது கிராம் தின்கிறவன்! அதைவிட மோசம், குறை சொல்வதையே விட்டுவிட்டான். ஒரு நாள் பூண்டு உண்மையிலேயே கருகிப்போனது. தட்டை வழித்துத் தின்றுவிட்டு "நல்லா இருக்கு" என்றான். வேறொருத்தி வீட்டில் தின்றுவிட்டு வருகிறவன்தான் இப்படித் திடீரென்று நல்லவனாவான். சட்டையை மோந்து பார்த்தேன், பைகளைத் துழாவினேன். காப்பி வாடையும் பேருந்துச் சீட்டும்தான் கிடைத்தன. கெட்டிக்காரன், தடயம் வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

என் தங்கை ஃபுல்வியா அதே ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருக்கிறாள். அவளிடம் கொட்டினேன்.

"அக்கா, தண்ணியில உப்பு போடாம வேக வச்சுக் குடு," என்றாள். "மனசு வீட்டுல இருந்தா அத்தான் தட்டைத் தூக்கி எறிவாரு. வேற எங்கயாவது இருந்தா கம்முனு தின்னுட்டு எந்திரிப்பாரு."

"உப்பில்லாமலா? எனக்குக் கை வராதுடி."

"அப்ப உக்காந்து அழுதுக்கிட்டே இரு."

செவ்வாய்க்கிழமை தண்ணீர் கொதித்தபோது கல்லுப்பு டப்பாவைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எண்ணெய், பூண்டு, காய்ந்த மிளகாய், அவ்வளவுதான். முதல் வாய் எடுத்தேன். சுவரொட்டி ஒட்டும் பசை. முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அவன் என்னை இரண்டு தரம் நிமிர்ந்து பார்த்தான். முழுதும் தின்றான்.

"நல்லா இருக்கு. எப்பவும் போல."

"யாரு அவ?"

"எவ?"

"எவ வீட்டுல தின்னுட்டு வர்ற? இதுல ஒரு கல்லு உப்பு போடல நான்."

முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"மார்ச்சுல காய்ச்சல் வந்துச்சே, அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே தெரியல நிவெஸ். உப்பு, பூண்டு, காப்பி, எதுவுமே."

"அப்ப ஆலையில?"

"கூட நிக்கிறவன் முகத்தைப் பாத்துச் சொல்றேன். இங்க உன் முகத்தைப் பாத்து. இன்னைக்கு உன் முகத்துல ஒண்ணும் புரியல."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"உங்கிட்ட சொன்னா ஃபுல்வியாவுக்குச் சொன்ன மாதிரி. அவளுக்குத் தெரிஞ்சா ஆலைக்கே தெரியும். அதோட என் வேலை போச்சு."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் சொன்னது உண்மை என்பதால் இரண்டு மடங்கு வந்தது. அப்போதும் நான் நம்பவில்லை. உப்பு டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி அள்ளி அவன் வாயில் வைத்தேன். மென்றான். நறநறவென்று சத்தம் கேட்டது. முகம் சுருங்கவே இல்லை. இத்தனை நாள் அவன் சட்டையை மோந்து திரிந்த என்னை நினைத்தால் வெட்கமாக இருந்தது. அழுதுவிட்டேன்.

போன் அடித்தது. ஃபுல்வியா.

"என்னக்கா ஆச்சு? கம்முனு தின்னாரா?"

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"தின்னாரா? ஒரு வாய் வச்சாரு, தட்டைத் தூக்கி அடிச்சாரு பாரு, சுவரெல்லாம் எண்ணெய்."

"நெசமாவா? குரல் ஒரு மாதிரி இருக்கே. நான் இப்பவே வர்றேன்."

அவள் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். துய்லியோவின் தட்டு காலி. என் தட்டில் ஒரு வாய்தான் குறைந்திருந்தது. எழுந்து அதை எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தேன்.