ஆறு விமானமும் ஒரு மதியச் சாப்பாடும்

ஞாயிற்றுப் பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்தால் இப்போதும் யாராவது ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "ஒனக்கென்னா, கொடுத்து வச்சவ. நாங்க திண்டிவனம் பஸ்ல சீட் கெடைக்காம நின்னுக்கினு போறோம். நீ ஏரோப்ளேன்ல ஊர் ஊரா சுத்திட்டு வந்துட்டே" என்கிறாள். நான் சிரிக்கிறேன். சிரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே மூன்று வாரத்தில் ஆறு முறை விமானம் ஏறி இறங்கினேன், அதுவும் தன்னந்தனியாக. மகள்தான் அனுப்பி வைத்தாள். பெருமைக்காக இதை எழுதவில்லை. வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

கிளியனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விடிகாலையிலும் லீவு நாளிலும் உப்பளத்தில் நின்றவள். என் வீட்டுக்காரர் மரக்காணத்தில் பத்துப் பாத்தி குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவித்தார். கூலிக்கு ஆள் வைக்க வழியில்லை. வாரியதும் நாங்கள்தான், சுமந்து குவித்ததும் நாங்கள்தான். அதில்தான் ஒரே மகள் என்ஜினியரிங் படித்தாள், மெல்போர்னுக்கு வேலைக்குப் போனாள். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அடக்கத்துக்கு வந்தவள் ஐந்து நாள் இருந்தாள், அதில் மூன்று நாள் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்று. அவளுக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது. எங்கள் கோயிலில் கல்யாணம் என்றால் அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் பெண் பெயரையும் பிள்ளை பெயரையும் வாசிப்பார். ஓலை வாசிப்பது என்போம். என் மகள் பெயரை வாசிக்கும்போது நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கல்யாணத்தை நான் நின்று நடத்த வேண்டும். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே "மீட்டிங் இருக்குதும்மா" என்று வைத்துவிடுவாள். நேரில் போய், சோறு போட்டுக்கொண்டே கேட்டால் எங்கே ஓடுவாள், பார்க்கலாம் என்றுதான் பாஸ்போர்ட் எடுத்தேன்.

போய் இறங்கிய இரண்டாம் நாளே ஒரு பிளாஸ்டிக் பைல் கொண்டுவந்து மடியில் வைத்தாள். உள்ளே டிக்கெட், ஓட்டல் பெயர், சுற்றுலா வேன் வரும் நேரம், எல்லாம் வரிசையாக இருந்தன. "சிட்னிம்மா. நாலு நாள். சூப்பரா இருக்கும்."

"நீ வரலியா?"

"ஆபீஸ் இருக்குதும்மா. நீ வீட்டுல உக்காந்துக்கினு என்னா பண்ணப் போறே? நல்லா சுத்திப் பாரு. ஜன்னல் சீட் போட்டிருக்கேன்."

என் ரப்பர் செருப்பை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, காலை முழுக்க மூடுகிற ஷூ ஒன்று வாங்கித் தந்தாள். குளிருக்காக என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு அக்கறையா என்று உள்ளுக்குள் பூரித்தும் போனேன், எனக்கு வேண்டும்.

பைலில் ஒரு தாளும் இருந்தது. நான் தனியாகப் பயணம் செய்கிறேன், என் கேட் எங்கே என்று தயவுசெய்து காட்டுங்கள் என்று கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் அச்சடித்திருந்தாள். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். முப்பது வருஷம் முட்டைக் கணக்கை இங்கிலீஷில்தான் எழுதிக் கொடுத்தேன். ஆனாலும் தாளை நீட்டினால் ஜனங்கள் இரக்கத்தோடு பார்த்தார்கள், கையைப் பிடித்துக்கூடக் கொண்டுபோய் விட்டார்கள். உள்நாட்டு விமானம் அங்கே நம் பாண்டிச்சேரி பஸ் மாதிரிதான். அரை டிராயரும் செருப்புமாக ஓடி வந்து ஏறுகிறார்கள். பணிப்பெண் மூச்சுக் கவசத்தை மாட்டிக் காட்டும்போது ஒருத்தரும் தலை நிமிர்வதில்லை. நான் ஒருத்திதான் ஆறு தடவையும் முழுசாகப் பார்த்தேன். பாவம், அவளும் என்னைப் பார்த்தே செய்து காட்டினாள்.

சிட்னியில் பாலத்தைக் காட்டினார்கள். வெள்ளை ஓட்டுக் கூரை போட்ட பாட்டு மண்டபத்தைக் காட்டினார்கள். நின்றேன், படம் பிடித்துக்கொண்டேன், மகளுக்கு அனுப்பினேன். பத்துப் படம் அனுப்பினால் ஒரு சிவப்பு இதயம் திரும்பி வரும். அடுத்த வாரம் கெய்ர்ன்ஸ் என்ற ஊர். கண்ணாடி அடி போட்ட படகில் ஏற்றிக் கடலைக் காட்டினார்கள். கடல்! என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கிழட்டு ஜோடி ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தோளுக்குப் பக்கத்தில் லைப் ஜாக்கெட் பெட்டிதான் இருந்தது. உனக்கு ஏன் இந்தப் பிழைப்பு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் நடுவில் இரண்டு நாள், மூன்று நாள் மகள் வீட்டில் இருப்பேன். அவள் ஆபீஸ் போய்விடுவாள். வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசுவாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் "டயர்டா இருக்குதும்மா, நாளைக்கு" என்பாள். மறுநாள் பைல் வரும். கெய்ர்ன்ஸிலிருந்து திரும்பியபோது அடுப்பு மேடையில் புதுசாகக் காபி பில்டர் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் டீதான், யாரும் காபி குடிப்பதில்லை. சிங்க்கில் நாலு டம்ளர். "யாரும்மா வந்தாங்க?" என்றேன். "ஆபீஸ் பிரெண்ட்ஸ்" என்றாள். நான் துருவவில்லை. துருவினால் இருக்கிற பேச்சும் நின்றுவிடுமோ என்று பயம்.

மூன்றாவது பைல் அடிலெய்டு. அங்கிருந்து வேனில் இரண்டு மணி நேரம் கூட்டிக்கொண்டுபோய் என்ன காட்டினார்கள் தெரியுமா, உப்பு. ரோஜா நிறத்தில் ஓர் ஏரி, கரையெல்லாம் உப்பு பொரிந்து கிடந்தது. மரக்காணத்துக்காரியை விமானத்தில் ஏற்றி உப்பைப் பார்க்க அனுப்பியிருக்கிறாள். வழிகாட்டிப் பையன் தண்ணீர் காய்ந்தால் எப்படி உப்பாகிறது என்று விரலை மடக்கி மடக்கி விளக்கினான். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். உப்பின்மேல் செருப்புக் காலோடு நடக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மற்றவர்கள் என் காலைப் படம் எடுத்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பகலெல்லாம் திராட்சைத் தோட்டம், சாயங்காலம் மெல்போர்ன் விமானம் என்று பைலில் இருந்தது. விடிந்ததும் ஜன்னலைத் திறந்தேன். மேற்கே கருத்துக் கிடந்தது. காற்று பொட்டென்று நின்றுபோயிருந்தது, ஓர் இலை ஆடவில்லை. எங்கள் அளத்தில் இப்படிக் கண்டால் யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டோம். கையில் இருக்கிற சோற்றைக் கீழே வைத்துவிட்டு ஓடுவோம். பாத்தியில் இருப்பதை வாரிக் குவித்துத் தார்ப்பாயைப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாச உழைப்பு அரை மணியில் கரைந்துபோகும். எத்தனையோ தரம் ஓடிய உடம்பு. தானாகவே பெட்டியைக் கட்டியது. மழை பிடித்தால் சாயங்காலம் விமானம் கிளம்பாது, மகளோடு இருக்கிற கடைசி இரண்டு நாளில் ஒன்று போய்விடும். அது ஒன்றுதான் என் மண்டையில் ஓடியது.

ஓட்டலுக்கு எதிரிலேயே விமான நிலையம். நடந்தே போனேன். கவுண்டரில் இருந்தது யாழ்ப்பாணத்துப் பெண். என் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசினாள். "ஏன் அம்மா மாத்துறீங்கள்? பின்னேர பிளைட் நேரத்துக்குத்தான் போகுது."

"மழை வரப்போவுதும்மா. மேக்கால கருத்துக்கினு இருக்குது, பாரு."

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "இண்டைக்கு மழையே இல்லை அம்மா. இங்க வானம் சும்மா இப்படித்தான் நிக்கும்."

"எங்களுக்குத் தெரியும்மா. நாங்க உப்பளத்துக்காரங்க."

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. பத்து மணி விமானத்துக்கு மாற்றிக் கொடுத்தாள். மகளுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். வழியெல்லாம் ஒரே கணக்கு: மத்தியானத்துக்குள் போய்விடலாம், அவளுக்குப் பிடித்த இறால் தொக்கு செய்யலாம், சாப்பிடும்போது கேட்டுவிடலாம். நடுச் சீட்தான் கிடைத்தது. அந்த ஆறில் நான் சந்தோஷமாக ஏறிய ஒரே விமானம் அது.

டாக்சிக்காரனிடம் விலாசத் தாளைக் காட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. கதவு பூட்டவில்லை. வாசலில் நாலைந்து ஜோடிச் செருப்பு. பழக்க தோஷம், நானும் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

மேசையில் வாழை இலை போட்டுச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஓர் இளைஞன், அவனுடைய அப்பா, அம்மா. மூவருக்கும் என் மகள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளைப் புடவையில் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னைக்கு... சாயங்காலம்தானேம்மா?" என்றாள்.

அந்த அம்மாள்தான் எழுந்து வந்தார். மெட்ராஸ்காரர், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "வாங்க வாங்க, நீங்கதான் அம்மாவா? நாங்க வந்து மூணு வாரமாச்சு, பையன் வீட்டுலதான் தங்கியிருக்கோம். எப்ப வந்தாலும் நீங்க டூர் போயிருக்கீங்கன்னே சொல்றா. உங்களுக்கு ஊர் சுத்தறதுன்னா உயிராமே, வீட்டுல ஒரு நாள் உட்கார மாட்டீங்களாமே?"

நான் மகளைப் பார்த்தேன். கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாலேயே கெஞ்சினாள். சின்ன வயசில் ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாளே, அதே பார்வை.

"ஆமாங்க. எனக்கு ஊர் சுத்தறதுன்னா உயிரு" என்றேன்.

"உப்பு எக்ஸ்போர்ட் பிசினஸை எல்லாம் இப்ப யார் பாத்துக்கறாங்க? உங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் கஷ்டமா இருக்குமே."

"ஆளுங்க இருக்காங்க."

அந்த அம்மாளின் கண் அப்போது என் காலுக்கு இறங்கியது. முப்பது வருஷம் உப்புத் தண்ணீரில் நின்ற கால். குதியில் விரல் நுழையும் வெடிப்பு, விரல் இடுக்கெல்லாம் வெளுப்பு. எதற்கு மூடின ஷூ என்று எனக்கு அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது. "இந்த ஊர் குளிரு ஒத்துக்கலைங்க" என்று சொல்லிக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. எனக்கும் ஓர் இலை போட்டார்கள். என் மகள் எனக்குப் பரிமாறினாள். அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றுதானே அத்தனை தூரம் போனேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அவர்கள் போனபிறகு சமையலறையில் கேட்டேன். "ஏண்டி, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"அவங்க ஒத்துக்கினதுக்கப்புறம் சொல்லலாம்னு இருந்தேம்மா."

"ஒத்துக்கினாங்களா?"

"இன்னைக்குத்தான் கேக்கலாம்னு இருந்தோம்."

"நான் வந்து கெடுத்துட்டேனா?"

அவள் துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தாள். "அப்பாவை என்னான்னு சொல்லியிருக்கே?" என்றேன். "ஓனர்னு" என்றாள். உச்சி வெயிலில் உப்பு வாரும் பலகையைப் பிடித்து நின்ற மனுஷன். பெற்றதற்கு அவருக்கும் ஒரு வேஷம் போட்டுவிட்டிருக்கிறாள். அவர் இருந்திருந்தால் அவரையும் என் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்து அனுப்பியிருப்பாள். அந்த நினைப்பில் எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

அன்று அடிலெய்டில் மழை பெய்யவில்லை. போனில் பார்த்தேன். மறுநாளும் பெய்யவில்லை. அந்த யாழ்ப்பாணத்துப் பெண் சொன்னதுதான் சரி. நான் பிறந்ததிலிருந்து பார்த்த வானம் அங்கே செல்லாது.

ஊருக்கு வந்து மூன்று மாசம் கழித்து மகள் கூப்பிட்டாள். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். மெல்போர்னிலேயே ரிஜிஸ்டர் கல்யாணம், ஒரு சனிக்கிழமை. கோயில் இல்லை, ஓலை இல்லை. அதைக்கூட விழுங்கிவிட்டேன். சந்தோஷம்மா என்று மனசாரத்தான் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் போனுக்கு டிக்கெட் வந்தது. வெள்ளிக்கிழமை நான் போய் இறங்க வேண்டும். அதற்குக் கீழே இன்னொரு டிக்கெட். ஞாயிற்றுக்கிழமை காலை ஹோபார்ட் என்ற ஊருக்கு, என் பெயரில் மட்டும்.

"அது தீவும்மா, ரொம்ப அழகா இருக்கும்" என்றாள் மறுபடி கூப்பிட்டு. "ஜன்னல் சீட் போட்டிருக்கேன்."

நான் அப்போது ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிரே யாரோ காரை நிறுத்திவிட்டு உப்புக் குவியலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் வரலைம்மா" என்றேன். "எக்ஸ்போர்ட்ல வேலை ஜாஸ்தின்னு அவங்ககிட்ட சொல்லிடு."

போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ வந்துதான் ஆகணும்மா என்று சொல்லிவிட்டால் போதும், அந்த மூடின ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடிவிடுவேன்.

"அப்போ ரெண்டு டிக்கெட்டையும் கேன்சல் பண்ணிடட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

பண்ணிடு என்றேன்.