ஏரிக்கரைத் திருப்பம்

ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைச் சைக்கிளில் கூட்டிப்போவதுதான் அவர் தொழில். கூட்டத்துக்கு முன்னால் அவர் போவார். கடைசியில் அவர் மனைவி வருவாள். செயின் கழன்றவன், மேட்டில் மூச்சு வாங்குகிறவன், செருப்பைத் தவறவிட்டவள் எல்லோரும் அவள் பொறுப்பு. அத்தனை பேரையும் தேற்றிக்கொண்டு அவள் ஏரிக்கு வந்து சேரும்போது இவர் பேசி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். கல்யாணமான நாள் முதல் இதே கதைதான்.

"ஒரு நாளாவது நீங்க சொல்றத முழுசாக் கேக்கணுங்க" என்று அவள் கேட்காத வருஷமில்லை. கூட்டம் குறையட்டும், வெயில் தாழட்டும் என்று சாக்குச் சொல்லியே மனிதர் காலத்தை ஓட்டினார். ஊருக்கெல்லாம் ஊரைக் காட்டியவருக்குக் கட்டினவளுக்குக் காட்ட நேரமில்லையாம்! பிறகு அவள் வயிற்றில் கட்டி வந்தது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆசைப்பட்டதைச் செய்யுங்கள் என்றார்கள்.

சாமான் ஏற்றும் மூன்று சக்கர சைக்கிளை இரவல் வாங்கி, முன்பெட்டியில் தலையணை போட்டு அவளை உட்கார வைத்தார். பழைய பாலம், மணிக்கூண்டு, பூங்கா என்று ஒன்றையும் விடாமல் தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். அவளோ நொடிக்கொரு தரம் அவரைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"யாரும் விட்டுப்போகல. இன்னைக்கு நாம ரெண்டு பேருதான்."

"பழக்கதோஷம்" என்று சிரித்தாள்.

ஏரிக்கரையில் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று, மலையின் நிழல் அதில் விழும் அழகைச் சொல்ல ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இது எல்லாருக்கும் சொல்றது. யாருக்கும் சொல்லாதது ஒண்ணு சொல்லுங்க."

வாய் ஓயாத மனிதர், வந்த பாதை கரைக்குத் திரும்பும் இடத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"நான் இந்த ஏரிய ஒழுங்காப் பாத்ததே இல்ல. வந்தவங்க மூஞ்சியப் பாத்துதான நின்னு பேசணும்? வாய் பாட்டுக்குப் பேசும். கண்ணு அந்தத் திருப்பத்துலயே இருக்கும், நீ வந்துட்டியான்னு. நீ தலை காட்டினாத்தான் எனக்கு மூச்சே வரும்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"இனிமே ஏரியப் பாத்து நின்னே பேசுங்க. அந்தப் பக்கம் பாக்கக் கூடாது, என்ன?"

சரி என்று தலையாட்டினார். ஆட்டும்போதே கண் அந்தத் திருப்பத்துக்குத்தான் போயிற்று.