ஸ்கொட்லாந்து என்றாள், சரி என்றேன்

என் ஒரே மகள் லண்டனுக்கு வேலைக்குப் போய் ஐந்து வருடமாகிவிட்டது. அங்கேயே நிரந்தரமாகத் தங்க வேண்டுமென்றால் பிரிட்டனைப் பற்றி ஒரு பரீட்சை எழுத வேண்டுமாம். மலை, ஏரி, கோட்டை, கோபுரம் எல்லாம் வருமாம். தனியாகப் படிக்க அலுப்பாக இருக்கிறது, நீங்கள் கேள்வி கேளுங்கோ அம்மா என்று பயிற்சித் தாள்களை அனுப்பினாள். பக்கத்து நூலகத்தில் போய் அச்செடுத்தேன். என் கழுத்துக்கு நானே கத்தி தீட்டின கதைதான்.

உலகத்தின் மறுகோடியில், மவுண்ட் வெல்லிங்டனில், எனக்குக் காலை ஏழு மணி. அவளுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். ஈஸ்ட் டாமாக்கியில் பொதி கட்டும் வேலைக்கு நான் புறப்படுமுன் அரை மணித்தியாலம் வீடியோவில் வருவாள்.

"பென் நெவிஸ் மலை எங்க?"

"ஸ்கொட்லாந்து. ஈசி."

"விண்டர்மியர்?"

"இங்கிலாந்தின்ர பெரிய ஏரி."

"பிக் பென் எண்டுறது கோபுரமோ, மணியோ?"

"மணி. எல்லாரும் கோபுரம் எண்டுதான் நினைக்கினம் அம்மா."

"ஆளைப் பார், எனக்கே பாடம் எடுக்கிறாள்!"

சிரிப்போம். அவளுடைய அப்பா செத்த பிறகு இந்த வீட்டில் அவ்வளவு சிரிப்புக் கேட்டதில்லை. ஆனாலும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அவள் அந்தப் பரீட்சையில் தவற வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் வேண்டிக்கொண்டேன். தவறினால் மனம் வெறுத்துத் திரும்பி வந்துவிடுவாள் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. நீயெல்லாம் ஒரு தாயா என்று கேட்டால் கேளுங்கள். இந்த ஊரில் எனக்கென்று வேறு யார் இருக்கிறார்கள்?

ஒருநாள், ஜயன்ட்ஸ் கோஸ்வே எங்கே என்று கேட்டேன். கடலோரத்தில் கற்தூண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற இடம் அது. "ஸ்கொட்லாந்து" என்றாள். வட அயர்லாந்து என்று என் கையிலிருந்த தாளில் பளிச்சென்று கிடந்தது.

"சரி" என்றேன்.

அன்று வேலையில் இரண்டு பெட்டிகளுக்கு விலாசத்தை மாற்றி ஒட்டி, ஏச்சு வாங்கினேன். மறுநாள் திருத்திச் சொல்லத்தான் நினைத்தேன். சொல்லவில்லை.

பரீட்சை எழுதிய அன்று வழக்கமான நேரத்துக்கே எடுத்தாள். "அம்மா, பாஸ்!" முகமெல்லாம் சிரிப்பு. "என்ர குஞ்சு!" என்று நானும் கை தட்டினேன். பிறகு அவள் குரலைத் தணித்தாள். அந்தக் கோஸ்வே கேள்வி வந்ததாம். நான் சரி என்ற அன்றைக்கே சந்தேகப்பட்டுத் தேடிப் பார்த்துவிட்டாளாம்.

"உங்களுக்கு விடை தெரியும்தானே அம்மா?"

பொய் சொல்ல முடியவில்லை. "ஓம்."

"நான் பெயில் ஆக வேணும் எண்டோ?"

"ஓம் பிள்ளை. நீ வந்திடுவாய் எண்டு நினைச்சன்."

ஏசுவாள் என்று பார்த்தேன். அழுதாள்.

"ஒருக்கா, ஒரேயொருக்கா 'வா' எண்டு கேட்டிருக்கலாமே அம்மா. வந்த புதுசில நீங்கள் கேப்பியள், கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். 'நான் நல்லா இருக்கிறன், நீ உன்ர வேலையைப் பார்' எண்டுதானே சொன்னியள்."

வீம்பு. வேறொன்றுமில்லை. பெற்ற பிள்ளையிடம் போய்க் கெஞ்சுவதா என்ற பாழாய்ப்போன வீம்பு.

"இப்ப கேட்டா?" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இப்ப இங்கதான் அம்மா என்ர வீடு."