சவுரியம்மாள் கொண்டுவந்த புட்டிகள்

சவுரியம்மாளை ஏமாற்றுக்காரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்ட கேள்வி அதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எழுத வேண்டுமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

விழுப்புரத்தில் நடக்கும் சிறுநீரக ஆராய்ச்சி ஒன்றில் நான் லேப் டெக்னீஷியன். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவன். உள்ளே நுழையும்போதே முகம் கடுகடுவென்றுதான் இருக்கும். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை; ஆனாலும் வயல்வேலை செய்கிறவர்களுக்கு நாற்பது வயதுக்குள் சிறுநீரகம் ஏன் கெடுகிறது? அதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. கோலியனூர் பக்கத்துக் காலனி ஒன்றில் அப்படி மூன்று பேர் இறந்திருந்தார்கள். ஒருவர் சவுரியம்மாளின் கணவர் அந்தோணிசாமி. அவர் போன பிறகு, நடவு வேலையை விட்டுவிட்டு, தானே கேட்டு எங்கள் களப்பணியாளராகச் சேர்ந்தவர் இவர். தன் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சம்மதிக்க வைத்து, சிறுநீர்ப் புட்டிகளை ஐஸ் பெட்டியில் கொண்டுவருவார்.

மற்ற ஊர்ப் புட்டிகள் மஞ்சளாக வரும். இவர் ஊர்ப் புட்டிகள் மட்டும் ஆறு மாதமாக வெறும் தண்ணீர்போல இருந்தன. "அந்த ஊர்ல நமக்கு ஒண்ணும் கிடைக்கல. அடுத்த மாசத்தோட நிறுத்திடலாம்" என்று டாக்டர் அன்புச்செல்வி சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வெயில்ல வேலை செய்றவங்களுக்கு இப்படியா இருக்கும்? பைப்புத் தண்ணிய புடிச்சி ஊத்திக்கினு வர்றியா நீ?" என்றேன். வயதில் மூத்தவரை, எல்லார் முன்னாலும்.

அவர் அழவில்லை. "நாளைக்கு எங்கூட வாங்க சார். கண்ணால பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் போனோம். மலர்விழி என்ற முப்பத்தொரு வயதுப் பெண், வாசலில் நின்று ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்ததை மொண்டுகொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்குடி இவ்ளோ தண்ணி?" என்று சவுரியம்மாள் கேட்டார்.

"இன்னிக்கு டெஸ்ட்டு இல்லக்கா? ரிசல்ட்டு மோசமா வந்தா ஆபீஸ்ல உன்னத்தான திட்டுவாங்க? பாவம், நீ வெயில்ல அலஞ்சிக்கினு கெடக்குற. அதான் தெருவே பேசி வச்சிக்கினு, ரெண்டு நாள் வேலைக்குப் போவாம, நல்லா தண்ணி குடிச்சிட்டுத் தர்றோம்."

அந்தத் தெரு முழுக்க இரண்டு நாள் கூலியை விட்டுக்கொடுத்து, எங்கள் ஆராய்ச்சியைப் பாசத்தோடு பாழாக்கியிருந்தது.

"நடவு அன்னிக்கு எவ்ளோ குடிப்ப?" என்று சவுரியம்மாளே கேட்டார்.

"அங்க எங்கக்கா குடிக்கிறது? குடிச்சா ஒதுங்க எடம் வேணாமா? சுத்தி ஆம்பளைங்க. காலைல குடிச்சா அப்புறம் வீட்டுக்கு வந்துதான்."

சவுரியம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "இருபது வருசம் நானும் அப்படித்தான சார் இருந்தேன். அதக் கேக்கணும்னு இத்தினி நாளா எனக்கே தோணலியே."

அடுத்த வாரம், நடவு நடக்கும்போதே, உச்சி வெயிலில் வரப்பில் வைத்து ரத்தமும் சிறுநீருமாக மாதிரிகள் எடுத்தோம். "அழுக்கா இருக்கோமே சார்" என்று கூச்சப்பட்டார்கள். பதினோரு பெண்களில் நான்கு பேருக்கு, சிறுநீரகம் சரியாக வேலை செய்யாததைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தது. மலர்விழிக்குத்தான் அதிகம். ஆனால் கைமீறிப் போகவில்லை. டாக்டர் அந்த ரிசல்ட் தாளை இரண்டு முறை படித்தார். "தண்ணி குடிக்காம வெயில்ல வேலை செய்றது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. ஆனா நோய் உள்ள வர்ற வழியில ஒண்ணு இது" என்றார். ஊர் ஆராய்ச்சியிலேயே நீடித்தது. சிறுநீரகத்தைக் காக்கக்கூடிய ஒரு மாத்திரையையும் அடுத்து அங்கே சோதிக்கப்போகிறார்கள். அதற்குள் சவுரியம்மாள் நான்கு கழி நட்டு, பழைய புடவைகளைச் சுற்றிக் கட்டி, வயலோரத்தில் பெண்களுக்கு ஒரு மறைப்பு ஏற்படுத்திவிட்டார். தண்ணீர்க் குடம் வரப்புக்கே வந்தது.

போன வாரம் மலர்விழியின் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சரியான அளவில் இருந்தது. அதைக் கேட்டதும் சவுரியம்மாள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். என்னால் தாங்க முடியவில்லை. எல்லாரும் இருக்கும்போதே, "நான் அன்னிக்குக் கேட்டது தப்பும்மா, மன்னிச்சிடுங்க. நான்தான் உங்களக் கும்பிடணும்" என்றேன்.

"அத வுடுங்க சார்" என்றார் அவர். "எங்க வூட்டுக்காரரு உசுரோட இருந்தப்ப, அவுருகிட்டயும் ஒரு புட்டி வாங்கி, அதப் பாத்து இப்படி ஒருத்தராவது கோவப்பட்டிருக்கலாம்."